தரவுத்தளம் பழுதுற்றால்

ஒரு நிலையத்தின் செல்வம் அதன் கட்டடங்களிலும் பணப்பெட்டியிலும் மட்டும் அடங்குவதில்லை. யார் எந்த ஆண்டிற் சேர்ந்தார், என்ன மதிப்பெண் பெற்றார், எவருக்கு எவ்வளவு நிலுவை என்று காட்டும் பதிவேடுகளும் அதன் செல்வமேயாம். முன்னாளில் தடித்த பேரேடுகளிற் கிடந்த இச்செல்வம், சென்ற நூற்றாண்டின் இறுதியில் மேசைக் கணினிகளுக்குக் குடிபெயர்ந்தது. அந்நாளிற் புகுந்த தரவுத்தள மென்பொருள்கள் சில இன்றும் உழைத்து வருகின்றன. அவை ஒருநாள் திடீரென நின்றுபோமாயின், "கிழட்டு மென்பொருள், எறிந்துவிடுக" என்பார் ஒரு சாரார். "பழுதுநீக்கும் கட்டளையை அழுத்துக, எல்லாம் சரியாகும்" என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஆராயாது கூறும் கூற்றே என்பது எமது கருத்து. காக்கவேண்டியவை அதனுட் பொதிந்த பதிவுகள். ஆகலின், முதலில் நகல், அடுத்துக் காரணம், அதன் பின்னரே பழுதுநீக்கம், இறுதியில் எண்ணிச் சரிபார்த்தல் என்னும் முறை பிறழலாகாது.

இம்மென்பொருள்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1980-களின் தொடக்கத்தில் ஆஷ்டன்-டேட் நிறுவனம் டிபேஸ் என்பதனை வெளியிட்டது. அது வகுத்த டி.பி.எஃப். கோப்பு வடிவத்தையே பின்னர்த் தோன்றிய பாக்ஸ்புரோவும் மேற்கொண்டது. 1992-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பாக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. அவ்வாண்டிலேயே ஆக்ஸெஸ் என்னும் தன் மென்பொருளையும் வெளியிட்டது. விஷுவல் பாக்ஸ்புரோவின் இறுதிப் பதிப்பாகிய ஒன்பதாம் பதிப்பு 2004-இல் வந்தது. அதற்குரிய ஆதரவு 2015-இல் நின்றது. ஆதரவு நின்றதேயன்றி, அதில் எழுதப்பெற்ற கணக்குகள் நின்றில.

இனி, காரணம் ஆராய்தல் ஏன் இன்றியமையாதது என்பதற்குச் சில சான்றுகள் காண்போம். பாக்ஸ்புரோவின் பழைய 2.6 பதிப்பு, விரைவு மிக்க புதுக் கணினிகளில் ஏற்றப்பட்டபொழுது, பூச்சியத்தால் வகுத்த பிழை என்று கூறித் தொடக்கத்திலேயே நின்றது. அம்மென்பொருள் தொடங்குங்கால் கணினியின் வேகத்தை அளக்க ஒரு சிறு கணக்கிடும். கணினி மிக விரைவாக அக்கணக்கை முடித்தமையால், கழிந்த காலம் பூச்சியமென வந்தது. அதனால் வகுக்கப் புகுந்து மென்பொருள் வீழ்ந்தது. பதிவுகளுக்கோ யாதொரு தீங்குமில்லை. வேண்டியது ஒரு திருத்தமே. இதனை அறியாதார் தரவுக் கோப்புகளையே பழுதுபார்க்கப் புகுந்தால், நோயற்ற உறுப்பை அறுத்தவராவர்.

பிறிதொரு சான்று 2018-இல் நிகழ்ந்தது. விண்டோஸ் 10-இன் புதுப்பிப்பு ஒன்று வந்தபின், பலர் ஒருங்கே நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்திய ஆக்ஸெஸ் கோப்புகள் சில, சீரற்ற நிலையில் உள்ளன என்ற செய்தியோடு திறக்க மறுத்தன. கோப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் நேர்ந்த மாற்றமே அதற்குக் காரணம். அம்முறையைச் சீர்செய்யாது கோப்பை மட்டும் நாள்தோறும் செப்பனிட்டவர்க்கு, மறுநாளும் அதே வேலை காத்திருந்தது.

கோப்பே பழுதுறும் இடமும் உண்டு. அங்கேதான் மிக்க எச்சரிக்கை வேண்டும். டி.பி.எஃப். கோப்பின் முகப்பில், நான்கு பைட்டுகளில், பதிவுகளின் தொகை குறிக்கப்பட்டிருக்கும். பதிவை எழுதி, முகப்பிலுள்ள தொகையைத் திருத்துமுன் மின்சாரம் நின்றுவிடின், இரண்டும் மாறுபடும். கோப்பில் 1,000 பதிவுகள் இருக்க, முகப்பு 990 என்று கூறுவதாகக் கொள்வோம். எஞ்சிய 10 பதிவுகள் அழியாமலே மறைந்து நிற்கும். விஷுவல் பாக்ஸ்புரோவின் பிந்திய பதிப்புகள் இம்முரணைக் கண்டு திறக்க மறுக்கும். எல்லா மென்பொருளும் அவ்வாறு மறுப்பதில்லை. பேசாது திறந்துகொண்ட கோப்பில் புதியதொரு பதிவைச் சேர்ப்போமாயின், அது 991-ஆம் இடத்தில் அமர்ந்து, அங்கே மறைந்திருந்த பழைய பதிவை அழித்துவிடும். மறுத்து நின்ற மென்பொருளே நமக்கு நண்பன் என்பது இதனால் விளங்கும்.

இதனாலன்றோ நகல் முற்பட வேண்டும் என்கின்றோம்! டி.பி.எஃப். கோப்புடன், இண்டெக்ஸ் கோப்பையும் மெமோ கோப்பையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும். இண்டெக்ஸ் கெட்டால் அட்டவணையைக்கொண்டு அதனை மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம்; மெமோ கெட்டால் அவ்வாறு ஆக்க வழியில்லை. ஆக்ஸெஸ் கோப்பாயின், யாவரும் அதனை மூடிய பின்னரே நகல் எடுத்தல் நன்று. பழுதுநீக்கும் முயற்சியனைத்தும் நகலின்மேல் நிகழ்க, மூலத்தைத் தொடற்க.

பழுதுநீக்கும் கட்டளை உதவாது என்று கூறினோமல்லேம். ஆக்ஸெஸில் உள்ள அக்கட்டளை பலமுறை பயன் தந்துளது. ஆயினும், படிக்கவியலாத பகுதிகளை அது விட்டுவிடுதலும் உண்டு. கோப்பு திறந்தது கண்டு மகிழ்ந்து மேலே செல்வார்க்கு, விடுபட்ட மாணவன் ஒருவனது மதிப்பெண் ஆண்டுகள் பல கழிந்து அவன் சான்றிதழ் கேட்டு வரும்பொழுதே நினைவுக்கு வரும். ஆகவே, முந்தைய நகலோடு பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிடுக. தொகைகளைக் கூட்டிப் பார்க்க. சில பதிவுகளைத் தாளிலுள்ள ஏட்டோடு வைத்துப் படிக்க. திறந்த கோப்பெல்லாம் மீண்ட கோப்பாகாது.

தமிழ்ப் பெயர்கள் கொண்ட பதிவேடுகளில் பிறிதோர் இடர் உண்டு. யூனிகோடு பரவுமுன், பல்வேறு எழுத்துருக்களின் குறியீட்டு முறைகளில் தமிழ் எழுதப்பட்டது. தமிழ்நாட்டரசு 1999-இல் டாம், டாப் என்னும் முறைகளை ஏற்றது. 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பழைய கோப்பைத் திறந்தால், பெயர்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அதனைப் பழுதென்று எண்ணித் திருத்தப் புகின், நன்றாயிருந்த பெயர்களும் கெடும். எழுத்துருவைத் தேடிப் பொருத்துவதே அங்குச் செய்யத்தக்கது.

"இத்துணைப் பாடுபட்டுப் பழையதனை ஏன் தாங்கவேண்டும்? புதியதனை வாங்கலாமே" என்று வினவுவாரும் உளர். வாங்கட்டும்; அதனை யாமும் வேண்டுகின்றோம். ஆனால், புதிய வீட்டிற்குச் செல்வோர் பழைய வீட்டுப் பொருள்களை எண்ணிப் பார்த்தன்றோ எடுத்துச் செல்வர்? பழுதை நீக்கிச் சரிபார்த்தபின், பதிவுகளை எந்த மென்பொருளும் படிக்கத்தக்க எளிய உரைக்கோப்பாக எழுதி வைத்து, அதன்மேற் புதியதற்கு மாறுவதே முறை. பழுதுற்றபோது பதறி மாறுதல் மாற்றமாகாது, இழப்பேயாம்.

மாணவ நண்பர்காள்! உங்களுட் பலர் நாளை அலுவலகங்களிற் புகுவீர்கள். பழைய கணினியொன்று உங்கள் பொறுப்பில் வருதலும் கூடும். அதிலுள்ள ஒவ்வொரு வரியும் ஒருவரது படிப்போ, ஊதியமோ, உரிமையோ ஆகும் என்பதை மறவாதீர்கள். திரையில் பிழைச்செய்தி தோன்றும்பொழுது அதனை ஒரு தாளிற் சொல் மாறாது எழுதிக்கொண்டு, நகலெடுத்த பின்னரே கட்டளையிற் கைவைப்பீராக.