கம்யூனிட்டி காலேஜ் என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு

கலிபோர்னியாவில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் விருந்துகளில், பள்ளி முடிக்கப்போகும் பிள்ளை "டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறேன்" என்று சொன்னால் போதும், பேச்சு சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடும். பிறகு சமையலறையில் குசுகுசுப்பு: "எங்கேயும் கிடைக்கல போல, பாவம்." இன்ஜினியரிங்கை இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் தொடங்கிப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது தோற்றவர்களின் வழி என்ற இந்த நம்பிக்கை, பிள்ளைகளைக் கெடுக்கிற பொய்.

முதல் இரண்டு ஆண்டில் இன்ஜினியரிங் மாணவன் என்ன படிக்கிறான்? கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், இயற்பியல், கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் புரோகிராமிங். எங்கே படித்தாலும் கால்குலஸ் கால்குலஸ்தான். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதை நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்த அரங்கில் கேட்கவேண்டும். சந்தேகம் என்றால் பெரும்பாலும் ஓர் ஆராய்ச்சி மாணவரிடம்தான் போகவேண்டும். கம்யூனிட்டி காலேஜ் வகுப்பில் முப்பது, நாற்பது பேர். அங்கே ஆசிரியருக்குக் கற்பிப்பதுதான் வேலை. இன்டகிரேஷனில் எந்த வரியில் மைனஸ் குறியைக் கோட்டைவிட்டாய் என்று அவரே விடைத்தாளில் வட்டமிட்டுக் காட்டுவார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

பணத்தையும் பார்த்துவிடுவோம். கலிபோர்னியாவில் வசிப்பவருக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு செமஸ்டர் யூனிட் 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் ஓராண்டுக் கட்டணமே 14,000 டாலரைத் தாண்டும். தங்குமிடமும் சாப்பாடும் தனி.

இது கொல்லைப்புற வழியும் அல்ல. 1960இல் மாநிலமே உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்து, இப்படி மாறிவருபவர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் இடம் வைத்தது. ஆப்பிளின் ஸ்டீவ் வாஸ்னியாக் பெர்க்லிக்குப் போகும் முன் டி ஆன்சாவில் படித்தவர். விண்ணோடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் கணிதம் படித்துவிட்டு சிரக்யூஸ் பல்கலைக்கழகம் போனவர்.

ஆனாலும் இந்த வழியில் சறுக்குபவர்கள் நிறைய. ஏன்? இயற்பியலின் மின்காந்தப் பகுதிக்குப் போகக் கால்குலஸ் முடித்திருக்க வேண்டும். சர்க்யூட்ஸ் எடுக்க அந்த இயற்பியல் வேண்டும். ஸ்டேட்டிக்ஸ் பல கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். முதல் கணக்கு வகுப்பு ஒன்று தள்ளிப்போனால் மொத்த வரிசையும் தள்ளி, இரண்டு ஆண்டு மூன்றாகிவிடும். இடம் கிடைப்பதிலும் சிக்கல் உண்டு: ஆறு யூசி வளாகங்கள் மாறிவருபவர்களுக்கு இடம் உறுதி என்று ஒப்பந்தம் தருகின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் தருவதில்லை. தருகிற இடங்களிலும் இன்ஜினியரிங் பிரிவுகள் சிலவற்றுக்கு அது செல்லாது. இதெல்லாம் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

தெரியாமல் போவது எதனால் என்றால், இந்த முகச்சுளிப்பால்தான். ஸ்டான்ஃபோர்டு விண்ணப்பக் கட்டுரைக்கு ஆலோசகர் வைத்து நள்ளிரவு வரை கூட உட்காரும் பெற்றோர், பிள்ளை கம்யூனிட்டி காலேஜ் போனதும் கைகழுவிவிடுகிறார்கள். அவனும் கூச்சப்பட்டு யாரிடமும் கேட்பதில்லை, கல்லூரிக் கவுன்சிலரைப் பார்ப்பதில்லை. தப்பான பாடத்தை எடுத்து ஓர் ஆண்டை இழக்கிறான். உடனே, "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்கிறார்கள். தாங்கள் வெட்டிய பள்ளத்தையே சாட்சியாகக் காட்டுவது என்ன நியாயம்? தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர்ந்தவர்களை அறிந்த சமூகம்தானே நாம்!

எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதை அசிஸ்ட் என்ற அரசுத் தளம் துறைவாரியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. பார்க்கக் காசு கேட்பதில்லை. முதல் வகுப்புக்குப் பதிவு செய்யும் முன் அப்பாவும் அம்மாவும் பிள்ளையோடு உட்கார்ந்து அதைத் திறந்து, எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று ஒரு தாளில் எழுதட்டும். அந்தத் தாளோடு அவன் கவுன்சிலரிடம் போகட்டும்.