கல்லூரிக் கால்பந்துக்கு ஒரு சீசன் வேண்டும்

வாசுதேவநல்லூரிலிருந்து புளியங்குடிக்கும் சங்கரன்கோவிலுக்கும் தென்காசிக்கும் தினமும் கல்லூரிப் பேருந்தில் போய்வரும் மாணவர்களிடையே கால்பந்து ஆடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குக் கிடைக்காதவை ஆட்டங்கள்தான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட் முறையில் நடந்து சில நாட்களில் முடிந்துவிடுகின்றன. பதினாறு அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டங்கள். அவற்றில் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்பும். ஓர் ஆண்டு முழுவதும் எடுத்த பயிற்சிக்கு 90 நிமிடம்தான் பலன் என்றால், அங்கே தோற்றவன் தன் பிழையைத் திருத்திக்கொள்ள அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பலருக்குப் படிப்பே முடிந்துவிடுகிறது. தென்காசி வட்டாரக் கல்லூரிகளுக்கு வாரந்தோறும் ஆடும் ஒரு லீக், ஓர் ஒழுங்கான சீசன், கட்டாயம் வேண்டும்.

லீக்கில் ஆடும் மாணவன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சுதந்திர இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக்கில் கால்பந்து ஆடியது 1948இல், லண்டனில். அந்த அணியின் கேப்டன் தாலிமெரன் ஆவ் அப்போது மருத்துவ மாணவர். நாகா மலையில் பிறந்து, குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் படித்து, பிறகு கொல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய அந்த அணி, பிரான்ஸிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது. இரண்டு பெனால்டிகளைத் தவறவிடாமல் இருந்திருந்தால் முடிவே மாறியிருக்கும். ஆவ் 1950இல் மருத்துவப் பட்டம் பெற்று, சொந்த மண்ணுக்குத் திரும்பி, கடைசியில் நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநரானார். அவரை வளர்த்ததில் அவருடைய திறமைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, கொல்கத்தா லீக்குக்கும் அவ்வளவு பங்கு உண்டு. 1898இல் தொடங்கிய அந்த லீக், ஆண்டுதோறும் மாதக்கணக்கில் நடந்தது. மோகன் பகானுக்கு ஆடிய மருத்துவ மாணவனுக்கு இந்த வாரம் சறுக்கினால் ஈடுகட்ட அடுத்த வாரம் இருந்தது.

தமிழ் மண்ணில் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கால்பந்து ஆடியவர் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ். அதே சைமன் பயிற்சியாளராக இருந்த கேரள அணிதான் 1973இல் மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையை அந்த மாநிலத்துக்கு முதன்முறையாக வென்று தந்தது. தமிழக ஆண்கள் அணியோ அந்தக் கோப்பையை இதுவரை வென்றதில்லை. தமிழகப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் ஆனது. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஆகவே, நான் கேட்கும் லீக்கில் பெண்கள் கல்லூரிகளுக்கும் முதல் ஆண்டிலிருந்தே இடம் வேண்டும்.

ஒரு சீசன் ஆட்டக்காரர்களை மட்டுமல்ல, அணியையும் உருவாக்குகிறது. அமெரிக்கர்களின் ஃபுட்பால் வேறு ஆட்டம்தான். ஆனாலும் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியின் 1951ஆம் ஆண்டு சீசன் நமக்கும் பாடம். அந்த அணி ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. சீசன் இறுதியில் நடக்கும் பெருமைக்குரிய ஆட்டத்துக்கு, ஆலி மேட்சன், பெர்ல் டோலர் என்ற கறுப்பின வீரர்கள் இருவரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்றார்கள். அணி மறுத்துவிட்டது. வாரக்கணக்கில் சேர்ந்து வென்றவர்களுக்குத்தான் அப்படி ஒன்றாக நிற்கும் துணிவு வரும். பள்ளி மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டும் வழக்கத்தைத் தடுக்க நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைக்க வேண்டியிருந்த மாநிலம் இது. கயிற்றைத் தடை செய்யலாம். ஒருவனை ஒருவன் நம்பும் பழக்கத்தை ஆணையால் கொண்டுவர முடியாது. ஒரே ஜெர்சியில் பல மாதங்கள் ஆடினால் அது வர வழியுண்டு.

படிப்பு கெடும் என்பார்கள். கணக்குப் பார்ப்போம். எட்டுக் கல்லூரிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு முறை ஆடினால் ஓர் அணிக்கு ஆண்டுக்கு 14 ஆட்டங்கள், அதாவது 21 மணி நேரம். ஜூலை, ஆகஸ்டில் ஏழு சனிக்கிழமைகள், ஜனவரி, பிப்ரவரியில் ஏழு. வடகிழக்குப் பருவமழையும் செமஸ்டர் தேர்வும் குறுக்கே வராது. பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி இன்னும் நியாயமானது. நான் சொன்ன சான் பிரான்சிஸ்கோ அணியே செலவு தாங்காமல் அந்த சீசனோடு கலைக்கப்பட்டது. ஆனால் அவர்கள் நெடுந்தூரம் பயணம் செய்து ஆடியவர்கள். நம் கல்லூரிகள் ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. பேருந்தும் உடற்கல்வி இயக்குநரும் பல கல்லூரிகளில் ஏற்கெனவே உண்டு. புதிதாக வேண்டியது நடுவருக்கான படியும் பந்தும் முதலுதவிப் பெட்டியும்தான். மைதானம் இல்லாத கல்லூரி தன் ஆட்டங்களை அருகிலுள்ள மைதானத்தில் ஆடலாம்.

ஆவ் போன்றவர் லட்சத்தில் ஒருவர், அவரைக் காட்டி எல்லோருக்கும் திட்டம் போடலாமா என்றும் கேட்கலாம். லட்சத்தில் ஒருவர் யார் என்று கண்டுபிடிக்கவே மற்றவர்களும் ஆட வேண்டும். ஒரே ஆட்டத்தைப் பார்த்துத் தேர்வாளர் யாரையும் கணிக்க முடியாது. 14 ஆட்டங்கள் பார்த்தால் கணிக்கலாம். தேர்வாகாதவர்களும் தோல்விக்குப் பின் மறுவாரம் களமிறங்கும் மனத்திடத்தைப் பெறுவார்கள். வேலைக்குப் போகும் இளைஞனுக்கு அது சான்றிதழைவிடக் குறைந்ததல்ல. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் மாவட்ட விளையாட்டு அலுவலகமும் கல்லூரி முதல்வர்களை ஒரு நாள் கூட்டி உட்கார்ந்தால் அட்டவணை தயாராகிவிடும். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் அதை வெளியிடட்டும்; வரும் ஜூலையில் முதல் ஆட்டம் தொடங்கட்டும்.