ஓரத்தில் ஒரு சிறுமி!

கோவில்பட்டியை அடுத்த கரிசல் சிற்றூரிலே, பள்ளி ஆண்டு விழா. கொட்டு முழங்குகிறது; கோலாட்டம் சுழல்கிறது; கூட்டம் கையொலி எழுப்புகிறது. ஓரத்திலே ஒரு சிறுமி, காலில் வலுவற்றவள். கை தாளம் போடுகிறது; கண் கலங்குகிறது. "உன்னால் ஆகாதம்மா" என்று உட்கார வைத்துவிட்டனர்!

ஆகாது என்றது யார்? மருத்துவமா? சட்டமா? இரண்டுமல்ல, நம் பழக்கம்!

1981-இல் பேருந்து விபத்தினால் வலக்காலை இழந்த சுதா சந்திரன், செயற்கைக்காலுடன் 1984-இல் மீண்டும் நாட்டிய மேடை ஏறவில்லையா? சென்னையிலே 1989-இல் அம்பிகா காமேஷ்வர் தொடங்கிய 'ரசா', அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு ஆடலையும் நாடகத்தையுமே பாடமாக்கவில்லையா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29-ஆம் பிரிவிலே நடனத்தைப் பெயர் சொல்லியே குறித்து, அதிலே அவர்கள் பங்குபெற வழிசெய்வதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. இது இரக்கமல்ல, உரிமை!

பெருஞ்செலவா? இல்லை. காது கேளாத பிள்ளைக்கு, பலகைத் தரையிலே பரவும் பறையின் அதிர்வே தாளம். சக்கர நாற்காலிப் பிள்ளைக்குக் கையிலே கோல், வட்டத்திலே இடம். இரைச்சலுக்கு மிரளும் ஆட்டிசப் பிள்ளைக்கு ஓசையைக் குறைத்து, அடுத்த அடியை முன்கூட்டிக் காட்டினால் அச்சம் தணியும்.

தீப்பெட்டித் தொழிலாளத் தோழர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவிலே முக்கால் பங்கு இடம் பெற்றோருக்கு என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அந்த இடம் அலங்காரத்துக்கா? அடுத்த கூட்டத்திலே எழுந்து நின்று கேளுங்கள்: "ஓரத்தில் உட்கார்ந்த எங்கள் பிள்ளைக்கு வட்டத்திலே இடம் எங்கே?"

வட்டம் சிறிதானால், பிள்ளையை விலக்காதீர், வட்டத்தை விரிப்பீர்!