‘எங்களிடம் பதிவு இல்லை’: பழைய கடனட்டைக் காப்புறுதி பற்றி எமது நிலைப்பாடு

2019 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, லண்டனின் ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒருவர் எங்கள் ஆலோசனை மேசைக்கு இரண்டு பைகளோடு வந்தார். ஒன்றில் ஹோம் ஒஃபிஸ் கடிதங்கள், 1991இலிருந்து ஒன்றுகூடத் தவறாமல், உறைகளோடு. மற்றதில் வங்கிக் காகிதங்கள். அதற்குள் இருந்த கடனட்டை ஸ்டேட்மென்ட் ஒன்றே ஒன்றுதான், 2003 மார்ச் மாதத்தது. எம்மவர் வீடுகளில் இது புதினமில்லை. விசாக் காகிதம் தொலைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். கடனட்டைக் காகிதம் தொலைந்தால் என்ன வந்துவிடும்?

அந்தத் தாளில் பெற்றோல் செலவுக்கும் வட்டிக்கும் நடுவே ‘பேமென்ட் கவர் 14.22’ என்று ஒரு வரி இருந்தது. அட்டையில் நின்ற கடன் 1,800 பவுண். நூறு பவுணுக்கு மாதம் 79 பென்ஸ் வீதம் போட்டால் கணக்குச் சரி. வேலை போனாலோ நோயில் விழுந்தாலோ தவணையைக் கட்டித் தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட காப்புறுதி அது. அவர் அப்போது வாரத்தில் இரண்டு இரவு மட்டும் ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றவர். வாரம் 16 மணித்தியாலத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு இப்படியான பல பொலிசிகள் எதுவுமே தராது. விற்றவர் அதைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. வங்கியிடம் முறைப்பாடு செய்தோம். முதல் பதில் நான்கு வரியில் வந்தது: உங்கள் பெயரில் எந்தப் பதிவும் எங்களிடம் இல்லை.

பதிவு இல்லை என்பதும் பொலிசி இல்லை என்பதும் ஒன்றல்ல. பதிவை வைத்திருக்க வேண்டியவரே அதை அழித்திருந்தால், அந்த இழப்பை அவர்தான் சுமக்க வேண்டும், வாடிக்கையாளர் அல்ல. இதுவே எங்கள் நிலைப்பாடு.

வங்கிகளின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்கு மூடி ஆறு வருடத்தில் கோப்பை அழிப்பது வழமை. இங்கிலாந்தின் 1980ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பெரும்பாலான ஒப்பந்த வழக்குகளுக்கு வைத்த கெடு ஆறு வருடம். தேவைக்கு மேல் ஒருவருடைய தகவலை வைத்திருக்காதே என்று தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. ஆனால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இந்தக் காப்புறுதி பற்றிய தன் பெருமுறைப்பாட்டை, அதாவது நுகர்வோர் எல்லோர் சார்பிலுமான முறைப்பாட்டை, 2005 செப்டெம்பரிலேயே கொடுத்துவிட்டது. 2011 ஏப்ரலில் இதே காப்புறுதி பற்றிய வழக்கில் வங்கிகள் உயர் நீதிமன்றத்தில் தோற்றன, மே மாதம் மேன்முறையீட்டையும் கைவிட்டன. தகராறு வாசலில் நிற்கிறது என்று தெரிந்த பிறகும் கோப்புகளை அரைத்துத் தள்ளியதை வழமை என்று ஏற்க எங்களால் முடியவில்லை. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நிலுவையில் உள்ள கணக்கை, கடன்களை விலைக்கு வாங்கும் கம்பனிக்கு விற்கும்போது பத்து வருடத்துக்கு முந்திய மீதிகூடப் பென்ஸ் சுத்தமாகப் பட்டியலில் வந்துவிடுகிறது. காசு கேட்பதற்குப் பதிவு இருக்கிறது, கொடுப்பதற்குத்தான் இல்லை.

எம்மவருக்கு இதில் இன்னொரு சிக்கல், பெயர். தகப்பன் பெயர் ஒரு படிவத்தில் முன்னே நிற்கும், இன்னொன்றில் பின்னே போகும். நீண்ட பெயர் அட்டையில் பாதியில் வெட்டுப்படும். கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கியில் வேறு. போதாததற்கு ஐந்தாறு பேர் சேர்ந்திருந்த அறை, வருடத்துக்கு ஒரு விலாசம். வங்கி ஊழியர் ஒரு பெயரையும் இன்றைய தபால் குறியீட்டையும் அடித்துப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார். ஈஸ்ட்ஹாம்காரருக்கு நாங்கள் பெயரின் மூன்று வடிவங்களையும் நான்கு பழைய விலாசங்களையும் எழுதி மறுபடி அனுப்பினோம். இரண்டாவது பதிலில் கணக்கு அகப்பட்டது, பொலிசியும் அகப்பட்டது. 2001இல் தொடங்கியிருக்கிறது. அதனால், பெயரின் எல்லா வடிவங்களிலும், பிறந்த திகதியிலும், பழைய விலாசங்களிலும் தேடிப் பார்த்தோம் என்று எழுத்தில் சொல்லாத எந்த வங்கியின் ‘பதிவு இல்லை’யையும் முடிவான பதிலாக ஏற்கக் கூடாது என்று கேட்கிறோம்.

அடுத்தது கணக்குப் பார்க்கும் விதம். வங்கிக் கடனோடு சேர்த்து விற்ற பொலிசிக்குப் பெரும்பாலும் ஒரே தொகை. கடனட்டையில் அப்படியில்லை, மாதா மாதம் மீதி மாற மாறக் கட்டணமும் மாறும். ஒவ்வொரு மாத மீதியும் தெரிந்தால்தான் சரியான தொகை வரும். எங்களிடம் வந்தவருக்கு வங்கி 2008க்குப் பின்னான மாதங்களுக்கு மட்டும் கட்டணத்தைத் திருப்பி, வருடத்துக்கு 8 வீதச் சாதாரண வட்டியும் போட்டுக் கொடுத்தது. அதற்கு முந்திய ஏழு வருடத்துக்குக் கணக்குத் தாளில் 0.00 என்று நிரையாக இருந்தது. பொலிசி ஓடியது என்று வங்கியே ஒத்துக்கொண்ட வருடங்கள் அவை! தெரிந்த மாதங்களின் சராசரியை வைத்து அந்த இடைவெளியை நிரப்புவதுதான் முறை. வாடிக்கையாளர் கையில் ஒரு பழைய ஸ்டேட்மென்ட் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். தெரியாத எண்ணுக்குப் பூச்சியம் போடுவதும் ஒரு ஊகம்தான், அது வங்கிக்குச் சாதகமான ஊகம்.

கேட்கும்வரை காத்திராமல் வாடிக்கையாளரைத் தேடிப் போகவும் முடியும். அட்டை தொலைந்தால் பாதுகாப்பு என்று வருடத்துக்கு 35 பவுண் வரை வாங்கிய சிபிபி நிறுவனத்தை ஒழுங்குமுறை ஆணையம் 2012இல் தண்டித்தது. அதன் பின் 2014இல் வந்த நட்டஈட்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 7 மில்லியன் பேருக்கு வீட்டுக்கே கடிதம் போனது. தவணைக் காப்புறுதியில் எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. 2011க்குப் பின் 38 பில்லியன் பவுணுக்கு மேல் திரும்பக் கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் பெரும்பாலும் கேட்டவருக்குத்தான் கிடைத்தது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை இடைத்தரகர் கம்பனிகள் எடுத்துக்கொண்டன. 2018இல் அவர்களின் கட்டணத்துக்கு 20 வீதமும் வற் வரியும் என்று உச்சவரம்பு வந்தது. இலவசமாகச் செய்யக்கூடிய ஒரு முறைப்பாட்டுக்கு அதுவும் கூடத்தான்.

2019 ஆகஸ்ட் 29ஆம் திகதியோடு இந்தக் காப்புறுதிக்காக வங்கிக்கும், முறைப்பாடுகளைத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மனுக்கும் போகும் பொதுவழி மூடிவிட்டது. கடும் நோய் போன்ற விதிவிலக்கான காரணம் இருந்தாலே இனி அங்கே கதவு திறக்கும். நீதிமன்ற வழி அப்படியே அடைபடவில்லை. காப்புறுதிக் கட்டணத்தில் பெரும்பகுதி தரகாகப் போனதை மறைத்தது நியாயமற்ற உறவு என்று உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில் சொன்னது. அந்த வழக்கில் தரகு 71.8 வீதம். கடனட்டை பற்றிய அதே நீதிமன்றத்தின் 2023 ஒக்டோபர் தீர்ப்பு இன்னும் முக்கியமானது. காப்புறுதி 2006இலேயே நின்றிருந்தாலும், ஆறு வருடக் கெடு அட்டை ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்தே ஓடும் என்றது அது. ஆகவே பழைய அட்டையை அண்மைக் காலம் வரை வைத்திருந்தவர்கள் அவசரமாக ஒரு சட்டத்தரணியிடம் கேட்பது நல்லது. வழக்குச் செலவு திரும்பக் கிடைக்கும் தொகையைத் தின்றுவிடக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் கார்க் கடன். மினிகாப் ஓட்டும் எம்மவர் பலர் தவணையில்தான் கார் எடுத்தார்கள். மறைத்த தரகுக்கு நட்டஈடு கொடுக்க நிதி நடத்தை அதிகாரசபை 2025 ஒக்டோபரில் முன்வைத்த திட்டம், 2007 ஏப்ரல் 6 முதல் 2024 நவம்பர் 1 வரையான ஒப்பந்தங்களைப் பற்றியது. பதினெட்டு வருடக் காகிதம் யாரிடம் இருக்கும்? இங்கேயும் நாங்கள் கேட்பது அதுவே: கடன் கொடுத்தவரே தேட வேண்டும், அவரிடம் இல்லாவிட்டால் வாகனப் பதிவு, வங்கி நேரடிப் பற்று, கார் விற்ற கடையின் பற்றுச்சீட்டு எதையும் சான்றாக ஏற்க வேண்டும், காகிதம் இல்லாத வருடத்துக்குப் பூச்சியம் போடக் கூடாது.

எங்கள் பக்கத்திலும் ஒரு கோடு உண்டு. எந்த வங்கி, ஏறத்தாழ எந்த வருடம், எந்த விலாசம் என்ற அளவுக்காவது நினைவு இல்லாதவருக்கு நாங்கள் படிவம் நிரப்ப மாட்டோம். ஊரில் உள்ள எல்லா வங்கிக்கும் ஒரே கடிதம் அனுப்பும் வேலையை இடைத்தரகர்கள் செய்தார்கள். அதனால் உண்மையாக ஏமாந்தவரின் முறைப்பாடும் குப்பையோடு குப்பையாகப் போனது. வருபவர்கள் பழைய அட்டை, வாடகைப் புத்தகம், சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் கொண்டு வாருங்கள். ஹோம் ஒஃபிஸ் பையையும் கொண்டு வாருங்கள். நீங்கள் எந்த வருடம் எந்த விலாசத்தில் இருந்தீர்கள் என்பது அந்த உறைகளில்தான் இருக்கிறது.