விற்பனைப் பட்டியலும் செங்கற் சுவரும்

ஒரு பாடலின் பெருமையை விற்பனைப் பட்டியலில் அது பெற்ற இடத்தைக் கொண்டு அளப்போர் ஒருபுறம். பெருமளவில் விற்றது என்பதனாலேயே அதனை வெறும் வணிகச் சரக்கெனத் தள்ளுவோர் மறுபுறம். இவ்விரு சாராரும் எதிரெதிரே நிற்பினும், சந்தையையே அளவுகோலாகக் கொள்வதில் ஒன்றுபடுகின்றனர். இவ்வளவுகோல் எத்துணை பிழையானது என்பதற்குப் 'பிங் ஃபுளொயிட்' குழுவினரின் 'அனதர் பிறிக் இன் த வோல்' என்னும் றொக் பாடலின் இரண்டாம் பாகம் தக்க சான்றாகும்.

பிள்ளைகளை ஒரே அச்சில் வார்த்த செங்கற்களாக்கும் பள்ளிக்கூடத்தைச் சாடும் இப்பாடலை இயற்றியவர் றோஜர் வாட்டர்ஸ். 1979 நவெம்பரில் வெளிவந்த இது, டிசெம்பரில் பிரித்தானியப் பட்டியலின் முதலிடத்தை எய்தி ஐந்து வாரங்கள் நிலைத்தது. 1980 மார்ச்சில் அமெரிக்காவின் 'பில்போர்ட்' பட்டியலிலும் முதலிடம் பெற்று நான்கு வாரங்கள் நீடித்தது. பட்டியல் கூறும் வரலாறு இவ்வளவே.

பட்டியல் கூறாத வரலாறோ வேறு. 1980இல் தென்னாபிரிக்காவில், நிறவெறி அரசின் சமத்துவமற்ற கல்விமுறையை எதிர்த்து ஒடுக்கப்பட்ட மாணவர் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். இப்பாடல் அவர்களின் போர்க்குரலாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் அரசு அதனைத் தடைசெய்தது. வாட்டர்ஸ் மனத்திற்கொண்டது தாம் பயின்ற ஆங்கிலப் பள்ளியையே. அதற்குப் புதுப்பொருள் தந்தோர் கேப் டவுன் மாணவரே. வெறும் சரக்கெனின், அதனைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது ஏன்? வணிகச் சரக்கென்று தள்ளுவோர் இவ்வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

ஆயினும், பாடலைப் புனிதப்படுத்துவதும் தவறேயாகும். அதில் ஒலிக்கும் பிள்ளைக் குரல்கள் இலண்டனின் இஸ்லிங்டன் கிறீன் பாடசாலை மாணவர் 23 பேருடையவை. பாடசாலைக்கு 1,000 பவுண் கிடைத்தது. பாடிய பிள்ளைகளுக்கோ அன்று உரிமைப்பணம் எதுவும் வழங்கப்படவில்லை. வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட அவர்களுட் சிலர் தம் பங்கைக் கோரி முன்வந்தது 2004இலேயே. பிள்ளைகளைச் செங்கற்களாக்கும் அமைப்பைச் சாடிய பாடல், அப்பிள்ளைகளின் குரல்களையே செங்கற்களாக அடுக்கித் தன்னை எழுப்பிக்கொண்டது. இம்முரண்பாட்டையும் எந்தப் பட்டியலும் பதிவுசெய்யவில்லை.

எனவே, எத்தனை தட்டுகள் விற்றன என்பதன்று வினா. யார் பாடினர், எதற்காகப் பாடினர், அதன் பயனை யார் துய்த்தனர் என்பனவே கேட்கப்படவேண்டியவை. இவற்றை விடுத்துப் பட்டியல் இலக்கங்களை ஒப்புவிப்பது கணக்கர் தொழில், திறனாய்வு அன்று.