முழங்கால் மூட்டுத் தேய்மானம்: வெப்பப் படமும் இயந்திரக் கற்றலும் எந்த அளவுக்கு உதவும்?

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 52.8 கோடிப் பேர் மூட்டுத் தேய்மானத்துடன் வாழ்ந்தனர். அதனால் மிகுதியாகப் பாதிக்கப்படும் மூட்டு முழங்காலே. இந்நோயை வெப்பப் படக்கருவியாலும் கணினியாலும் மதிப்பிடும் ஆய்வுகள் இப்போது நடைபெற்று வருகின்றன. "படம் சிவப்பாக இருக்கிறதே, அறுவை சிகிச்சை தேவையா?" என்று அஞ்சுவதற்கு முன், அப்படத்தின் பொருளை அறிந்துகொள்ளுங்கள்.

கருவி எதை அளக்கிறது?

நம் தோல் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. கருவி அவற்றைப் பதிவு செய்து, தோலின் வெப்பநிலையில் உள்ள சிறு வேறுபாட்டையும் காட்டுகிறது. எக்ஸ்-ரேயைப் போல உடலுக்குள் கதிர் செலுத்தப்படுவதில்லை; வலியும் இல்லை. மூட்டின் உட்சவ்வில் அழற்சி ஏற்பட்டால் இரத்த ஓட்டம் மிகுந்து, மேலுள்ள தோல் சூடேறக்கூடும். படத்தின் சிவப்பும் நீலமும் கணினி இடும் நிறங்களே. வெப்பநிலை அளவுகோலை மாற்றினால் அதே முழங்கால் வேறு நிறத்தில் தோன்றும்.

கணினி எவ்வாறு கற்கிறது?

நோயின் நிலை முன்னரே குறிக்கப்பட்ட பல முழங்கால்களின் படங்களிலிருந்து கணினி ஒப்புமைகளைக் கற்கிறது. அந்நிலையைக் குறிக்கப் பரவலாகப் பயன்படுவது, 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் ஆகியோர் வெளியிட்ட முறை. அது எக்ஸ்-ரே படத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. சிக்கல் இங்கேதான் உள்ளது. எக்ஸ்-ரே, எலும்பு இடைவெளி குறைவதையும் எலும்பு முனைகள் வளர்வதையும் காட்டுகிறது. வெப்பப் படமோ தோலின் சூட்டைக் காட்டுகிறது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. தேய்மானம் முற்றிய மூட்டும் சூடின்றி இருக்கலாம்.

முடிவு ஏன் பிழையாகலாம்?

வெயிலில் நடந்து வருதல், தைலம் தேய்த்தல், ஒத்தடம், இறுக்கமான கட்டு ஆகியவை தோலின் வெப்பநிலையை மாற்றும். எனவே படமெடுப்பதற்கு முன் சீரான வெப்பநிலையுள்ள அறையில் சிறிது நேரம் அமர்ந்திருப்பது அவசியம். மேலும், முடக்குவாதம், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதம், கிருமித்தொற்று ஆகியவற்றிலும் மூட்டு சூடாகும். சூட்டை மட்டும் கொண்டு நோயைப் பிரித்தறிய இயலாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

வெப்பப் படத்தை மட்டும் நம்பி ஊசி, அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு இசையாதீர்கள். உட்கொள்ளும் மருந்தையும் நிறுத்தாதீர்கள். உங்கள் வலி, நடக்கும் திறன், மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்-ரே ஆகியவையே சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், மிகை உடல் எடையைக் குறைப்பதும் எந்த நிலையிலும் பயன் தரும்.

முழங்கால் திடீரென வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் எந்தப் படத்துக்காகவும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது கிருமித்தொற்றாக இருந்தால், தாமதம் மூட்டையே சிதைத்துவிடும்.