கைரேகையும் அரசும்

எழுத்தறியாதாரைக் 'கைநாட்டு' என்று எள்ளும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாளாய் உண்டு. பெயரெழுத அறியாதவன் மையிற் பெருவிரலைத் தோய்த்துப் பத்திரத்தில் ஒற்றுவான். கையொப்பமிட வல்லவன் அவனைக் கடைக்கண்ணால் நோக்கி நகைப்பான். இக்காலத்தே அந்நகைப்புக்கு இடமில்லாது போயிற்று. நிலம் வாங்கிப் பதிவு செய்வோரும், ஓய்வூதியம் பெறும் முதியோரும், பட்டம் பெற்ற அறிஞரும் கண்ணாடிச் சில்லின்மேல் விரலை வைத்துக் காத்து நிற்கின்றனர். நாம் அனைவரும் கைநாட்டுக்காரராயினோம். இந்நிலை எவ்வாறு வந்தது என்பதையும், இதனால் ஏழை மக்களுக்கு நேரும் இடர் யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

கைரேகையை ஆட்சிக் கருவியாக்கிய வரலாறு நம் நாட்டிலேயே தொடங்குகின்றது. 1858-ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் அலுவல் பார்த்த வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேயர், சாலைக்குப் பொருள் தர உடன்பட்ட ராஜ்யதர் கோனாய் என்பாரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தாளில் பதித்துக்கொண்டார். பிற்காலத்தில் அம்மனிதர் தம் கையொப்பத்தை மறுத்துரையாதிருக்க அவரை அச்சுறுத்துவதே அச்செயலின் நோக்கம். 1897-ஆம் ஆண்டில் கல்கத்தாவிற் கைரேகைக் காப்பகம் ஒன்று அமைந்தது; அதுவே உலகில் முதலாவது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை அஸிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு வங்காளியர் அரிதின் உழைத்து வகுத்தனர். ஆயினும் அம்முறை அவர்தம் மேலதிகாரியாகிய ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் வழங்குவதாயிற்று. உழைப்பு ஒருவருடையதும் பெயர் ஒருவருடையதுமாதல் அக்காலத்திற்கு மட்டுமே உரியதன்று, அது நிற்க. இக்கலை பிறந்தபொழுதே 'இவன் பொய் சொல்வான்' என்னும் ஐயத்தோடு பிறந்தது என்பதனை நாம் மறத்தலாகாது.

அவ்வையத்தின் கொடுமையைத் தமிழர் இரு நிலங்களிற் கண்டனர். தென்னாப்பிரிக்காவின் திரான்ஸ்வாலில், ஆசியர் அனைவரும் பத்து விரல்களையும் பதித்துப் பத்திரம் பெறல் வேண்டுமென்று 1906-ஆம் ஆண்டில் அவசரச் சட்டம் எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோகனஸ்பர்க் நகர நாடகசாலையிற் கூடிய இந்தியர், அதற்குப் பணிவதில்லை என்று சூளுரைத்தனர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் அங்ஙனமே தோன்றிற்று; சிறை புகுந்தாருள் தமிழர் மிகப் பலர். 1908 ஆகஸ்டில் 2,000-க்கு மேற்பட்ட பத்திரங்களை அவர்கள் ஒருங்கே தீயிலிட்டனர். நம் மாகாணத்திலோ குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின் நடைமுறைக்கு வந்தது. மதுரை நாட்டுக் கள்ளர் அதனை 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். உசிலம்பட்டிக்கு அணித்தாகிய பெருங்காமநல்லூரில் ரேகை பதிக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் காவலர் துப்பாக்கி எடுத்தனர், பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் தான் ஒழிந்தது.

இவற்றைக் கூறுவதால், இக்கால ஆதார் முறையை அக்கொடுஞ்சட்டங்களோடு ஒருநிகராக வைத்தோம் என்று எவரும் கருதற்க. குடிகளைக் கணக்கெடுத்தல் அரசர்க்கு இயல்பே. அகுஸ்துராயன் காலத்துக் குடிமதிப்பினாலன்றோ யோசேப்பும் மரியாளும் பெத்லகேமுக்குச் சென்றனர்! தாவீது மக்களைத் தொகையிட்டபொழுது படைத்தலைவனாகிய யோவாபே தடுத்துரைத்தான் என்றும் மறைநூல் கூறும். எண்ணுதல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. எதன்பொருட்டு எண்ணுகின்றனர் என்பதே வினா.

2009-ஆம் ஆண்டில் அடையாள ஆணையம் நிறுவப்பட்டது. 2010-இல் முதலெண் வழங்கப்பட்டது. 2016-இல் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பத்து விரல், இரு கண்மணி, ஒரு முகம் ஆகியவற்றைப் பதிந்துகொண்டு பன்னிரண்டு இலக்கம் தருதலே அதன் முறை. அதனால் விளைந்த நன்மையும் உண்டு. ஒருவர் பெயரில் மற்றொருவர் அரிசி வாங்குதல் அரிதாயிற்று. பிகாரிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த தொழிலாளி, தன் ஊர் அட்டையைக் கொண்டே இங்குத் தானியம் பெற வழி பிறந்தது. அட்டைக்கு உரிய பண்டத்தைக் கடையார் பிறர்க்கு விற்றுப் பதிவேட்டைப் பொய்யாக நிரப்பிய பழைய நாட்களை எண்ணுவார், இக்கருவியை வெறுக்கத் துணியார். நாமும் வெறுத்திலோம்.

ஆயின் விரல் என்பது கல்லிற் பொறித்த எழுத்தன்று. செங்கல் சுமந்தும், பாத்திரம் துலக்கியும், சுண்ணாம்பு குழைத்தும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? மூப்பினால் தோல் சுருங்கிய கையிலும், தொழுநோய் தின்ற கையிலும் எதனைக் காண்பது? ஆகவே, உழைப்பு மிகுந்தோரும் முதுமை எய்தினோரும் பிணியுற்றோருமே இக்கருவியின் கண்ணுக்குப் புலனாகாது போகின்றனர். அரிசி எவர்க்கு இன்றியமையாததோ அவரிடமே அது பெரிதும் பிழைக்கின்றது. ரேஷன் கடைகளில் 'ரேகை விழவில்லை' என்னும் சொல்லைக் கேளாதார் இலர். கடையார் முந்தானையில் விரலைத் துடைக்கச் சொல்வார். வேறு விரலை வைக்கச் சொல்வார். முடிவில் நாளை வரச் சொல்வார். மூதாட்டி ஒருத்தி அவ்வாறு மூன்று நாள் வெறும் பையுடன் திரும்பியதனை யாம் கண்டதுண்டு. கடையார் தீயவரல்லர், ஆயினும் கருவி இசைந்தாலன்றி அவர் கை அரிசியை அளவாது.

இஃது ஓரூரின் கதையன்று. உச்ச நீதிமன்றத்தில் இவ்வழக்கு நடந்த 2018-ஆம் ஆண்டில், அரசுச் சேவைகளில் அடையாளம் ஒத்துவரும் அளவு நூற்றுக்கு 88 என்று ஆணையத்தின் தலைமை அலுவலரே எடுத்துரைத்தார். எஞ்சிய பன்னிரண்டும் மறுப்பல்ல என்று அவர்கள் விளக்கங் கூறினர். பன்னிரண்டு என்பது தாளிற் சிற்றெண். கடைவாயிலில் அது பன்னிரண்டு வயிறு. ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டு 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணையாமையின் குடும்ப அட்டை நீக்கப்பட்டு மாதக்கணக்கில் தானியம் கிடைத்திலது என்றும், மகள் பசியால் மாண்டாள் என்றும் தாய் கூறினாள்; மலேரியாவே காரணம் என்று அரசினர் கூறினர். காரணம் எதுவாயினும், அவ்வீட்டிற்கு அரிசி நின்றபொழுது 'ஏன்' என்று கேட்கத்தக்க இடம் ஒன்று அவர்கட்கு இருந்திலது என்பதே எம் உள்ளத்தை வருத்துகின்றது.

சட்டம் இவ்விடரை அறியாததன்று. விரல் ஒத்துவராவிடின் வேறு வழிகளால் அடையாளங் கண்டு பண்டம் தரல் வேண்டுமென்று 2017 டிசம்பரில் நடுவணரசே ஆணையிட்டது. 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவருள் நால்வர் அரசுதவிகளுக்கு ஆதாரைக் கோருதல் செல்லும் என்றனர்; உரியார் எவர்க்கும் உதவி மறுக்கப்படாது என்னும் உறுதியையும் குறித்துக்கொண்டனர். நீதிபதி சந்திரசூட் ஒருவரே முழுச்சட்டமும் அரசியலமைப்புக்கு முரண் என்று வேறுபட்டார். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, உரிய தானியம் வழங்கப்படாவிடில் அதற்கீடாகப் பணப்படி தரவும், மாவட்டந்தோறும் குறைகேட்கும் அலுவலரை வைக்கவும் விதிக்கின்றது. இங்ஙனம் ஏட்டில் உரிமைக்குக் குறைவில்லை.

குறை வேறிடத்துளது. அப்பணப்படியைக் கேட்கப் புகுவோன், 'எனக்கு இந்நாளில் இக்கடையில் மறுத்தனர்' என்று காட்டல் வேண்டும். எதனைக் காட்டுவான்? முற்காலத்து எழுத்தர் ஒருவர் மனுவைத் தள்ளினால், தள்ளிய காரணத்தை எழுதித் தம் பெயரையும் இடுவார். அதனைக் கொண்டு தாசில்தாரிடம் முறையிடலாம். கருவி தள்ளினால் எழுத்துமில்லை, பெயருமில்லை. பண்டம் வாங்கினாலன்றோ கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும்! வாங்காது திரும்பியவனுக்கு ஒன்றும் வருவதில்லை. மறுப்பு என்பது நிகழ்ந்தும் நிகழாததாய் ஒழிகின்றது. ஆணையத்தார் பன்னிரண்டைக் கணக்கில் எண்ணலாம். அப்பன்னிருவருள் ஒருவன் தன்னைக் கணக்கிற் காட்ட வழியில்லை.

மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தூக்கிவைத்தான் என்பர். கன்றிழந்த பசு அம்மணியை அசைத்தது. அரசன் இறங்கி வந்தான். அப்பசுவிடம் எவரும் ரேகை கேட்டிலர். நம் காலத்து ஆட்சி வாயிலில் கண்ணாடிச் சில்லு உளது; மணி இல்லை. தமிழகத்தில் முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகட்கும் பண்டங்களை வீட்டிற்கே கொண்டு சென்று தரவெனத் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றது. அது பாராட்டத்தக்கதே. ஆயினும் அறுபது வயதுச் சித்தாள் அத்திட்டத்துள் அடங்காள். அவள் விரல் தேய்ந்தது தேய்ந்ததே.

எனவே யாம் வேண்டுவது பெரிதன்று. ரேகை ஒத்துவராத பொழுதெல்லாம் நாள், கடையெண், காரணம் ஆகிய மூன்றும் அடங்கிய சீட்டு ஒன்று அட்டையாளர் கையில் தரப்படல் வேண்டும். அச்சீட்டின்மேல் அன்றைக்கே, பதிவேட்டில் கையொப்பமோ மைந்நாட்டோ பெற்று, பண்டம் அளக்கப்படல் வேண்டும். ஐயமிருப்பின் அலுவலர் பின்னர் வீடு சென்று ஆராய்க. அரிசி முன்னே செல்க. பொய்யர் சிலர் இதனால் பயனுறுவர் என்பார்க்கு எம் விடை இது: ஒரு பொய்யனுக்குச் சென்ற அரிசியை அரசு மீளப் பெறலாம், பசித்த ஒரு மாதத்தை எவரும் மீளத் தரலாகாது. செலவும் மிகுதியன்று. வாங்கியவனுக்குக் குறுஞ்செய்தி விடுக்கும் அதே கருவி, வாங்காதவனுக்கும் ஒன்றை விடுக்கலாம். கைபேசி இல்லாதவனுக்குக் கடையார் தாளில் நான்கு வரி எழுதிக் கையொப்பமிடலாம்.